விமானிகளின் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை: மற்றச் சங்கங்களிடம் ஆதரவை எப்படிக் கேட்பது?

வலப்பக்க இருக்கை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஒரு விமான நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் துணை விமானியாகப் பணிபுரிகிறேன். எங்கள் விமானிகள் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான ஊதிய ஒப்பந்தத்தின் காலம் முடிந்து இருபது மாதங்கள் ஆகின்றன. பேச்சுவார்த்தை நின்றுவிடவில்லை. ஆனால் ஒவ்வோர் அமர்விலும் சீருடைப் படி, விடுப்பு விண்ணப்பிக்கும் முறை போன்ற எளிய பிரிவுகளில் கையெழுத்தாகிறது. அடிப்படை ஊதியம், ஓய்வுக்காலப் பலன், குறைந்த ஊதியம் தரும் துணை நிறுவனத்துக்கு எத்தனை வழித்தடங்களை மாற்றிக்கொடுக்கலாம் என்ற வரம்பு ஆகிய மூன்றும் "அடுத்த அமர்வில்" என்று தள்ளிப்போகின்றன. சென்ற மாதம் உறுப்பினர்களிடம் வேலைநிறுத்தத்துக்கான வாக்கெடுப்பை நடத்தினோம். எதிர்த்து வாக்களித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தோழமைச் சங்கங்களுடன் பேசுவதற்கென்று சங்கம் அமைத்த மூவர் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கேபின் பணியாளர்கள், பராமரிப்புப் பிரிவினர், தரைப்பணியாளர்கள் ஆகியோரின் சங்கங்களுக்கும், எங்கள் கூட்டணியில் உள்ள வேறு இரண்டு நிறுவனங்களின் விமானிகள் சங்கங்களுக்கும் கடிதம் அனுப்பினோம். வந்த பதில்கள் எல்லாமே மரியாதையாக இருந்தன. "உங்கள் கோரிக்கைகள் வெற்றிபெற வாழ்த்துகிறோம்" என்பதற்கு மேல் எதிலும் ஒரு வரி இல்லை.

இதற்குக் காரணம் கடிதத்தின் நடை அல்ல என்பது போன வாரம்தான் புரிந்தது. விடுதியிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில், எங்களுடன் பலமுறை பறந்திருக்கும் மூத்த கேபின் மேற்பார்வையாளர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை, கைப்பையின் பட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் முனையத்தின் வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நீங்கள் எல்லோரும் எங்களைக் கடந்துதான் வேலைக்குப் போனீர்கள். ரெண்டு பேர் கையசைத்தீர்கள்." அன்று கடந்துபோனவர்களில் நானும் ஒருவன். கையசைத்தேனா என்பது நினைவில்லை.

என் கேள்வி இதுதான். முன்பு நாம் துணைநிற்காதவர்களிடம் இப்போது போய்த் துணை கேட்க முடியுமா? கேட்பதென்றால் எதைக் கேட்பது? எங்கள் குழுவில் ஒருவர், அவர்களும் எங்களுடன் வேலைநிறுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்கச் சொல்கிறார். மற்றவர், ஓர் ஆதரவு அறிக்கை வந்தாலே போதும் என்கிறார். முதலாவது நடக்காது என்றும், இரண்டாவது நடந்தாலும் பயனில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

—

ஓய்வில் ஒரு கேப்டன்:

அந்த மேற்பார்வையாளர் சொன்னதை மறுக்க வேண்டாம், விளக்கவும் வேண்டாம். விமானிகளின் சங்க வரலாறு நெடுக அவர் சொன்ன காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

நாம் நம்மைத் தொழிலாளி என்று எண்ணிக்கொள்வதில்லை. அமெரிக்க விமானிகள் 1931-இல் சிகாகோவில் தங்கள் சங்கத்தைத் தொடங்கியபோது வேலை போய்விடும் என்ற அச்சத்தில் மறைவாகத்தான் கூடினார்கள். ஊதியமும் பாதுகாப்பும் அந்த ஒற்றுமையால் வந்தவை. இரண்டு தலைமுறைக்குப் பிறகு அவை சொந்தத் திறமைக்குக் கிடைத்த வெகுமதியாகத் தோன்றத் தொடங்கிவிட்டன. 1981 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்க வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விமானிகள் தொடர்ந்து பறந்தார்கள். இரண்டே நாளில் அதிபர் ரேகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களைப் பணிநீக்கம் செய்தார். கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பது உண்மை. அதைக் காரணமாகச் சொல்வதற்கு எங்கள் தலைமுறையினரில் பலர் கூச்சப்படவில்லை. அரசே வேலைநிறுத்தக்காரர்களை முழுமையாக மாற்றிவிடும் என்று அன்று பார்த்துத் தெரிந்துகொண்ட விமான நிறுவன முதலாளிகள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

1983-இல் அமெரிக்காவின் கான்டினென்டல் விமான நிறுவனத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது அது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் இயந்திரப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விமானிகள், வாயிலில் அவர்கள் நின்ற மறியல் வரிசையைத் தாண்டிப்போய் விமானங்களை ஓட்டினார்கள். செப்டம்பர் 24 அன்று, நிறுவனத் தலைவர் ஃபிராங்க் லொரென்சோவின் நிர்வாகம் திவால் நீதிமன்றத்துக்குப் போய், கையில் பணம் இருந்தபோதே எல்லா ஒப்பந்தங்களையும் தூக்கி எறிந்தது. ஏறத்தாழப் பாதி ஊதியத்துக்கு வர விரும்புகிறவர்கள் வரலாம் என்றது. அக்டோபர் 1 அன்று விமானிகளும் கேபின் பணியாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆனால் அதற்குள் நிறுவனம் வெளியே நிற்பவர்கள் இல்லாமல் பறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அதைக் கற்றுக்கொடுத்ததே ஆகஸ்ட்டில் ஓட்டிக்காட்டிய விமானிகள்தான். போராட்டம் 1985 வரை இழுத்துத் தோற்றது. ஆகஸ்ட்டுக்கும் அக்டோபருக்கும் இடையில் இருந்தது ஏழு வாரம்.

தோல்விகளை மட்டும் அடுக்கி உங்களைச் சோர்வடையச் செய்வது என் நோக்கமல்ல. 1985 மே மாதத்தில் யுனைடெட் நிறுவனத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் 29 நாள் நடந்தது. புதிதாகச் சேரும் விமானிகளுக்கு மிகக் குறைந்த தனி ஊதியப் பட்டியல் என்று நிர்வாகம் கேட்டதுதான் பிரச்சினை. வேலைநிறுத்தம் வந்தால் உதவும் என்று நிர்வாகம் சுமார் 570 பேருக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்து வைத்திருந்தது. அவர்கள் இன்னும் சங்க உறுப்பினர்கள் ஆகவில்லை; வேலையே இன்னும் உறுதியாகவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கிய நாளில் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மறியல் வரிசையைத் தாண்ட மறுத்துவிட்டார்கள். கேபின் பணியாளர்களும் விமானிகளின் வரிசையை மதித்து வேலைக்குப் போகவில்லை. இப்போது கவனியுங்கள்: ஊதியப் பிரச்சினையில் ஏறத்தாழ உடன்பாடு வந்த பிறகும் வேலைநிறுத்தம் நீடித்தது. அந்த 570 பேரையும் கேபின் பணியாளர்களையும் நிர்வாகம் பழிவாங்கக் கூடாது என்பதற்காகத்தான் விமானிகள் அந்தக் கடைசி நாட்களில் வெளியே நின்றார்கள். "எனக்காக நீ" என்பது முதல் வாரத்தில் தெரிந்தது. "உனக்காக நான்" என்பது கடைசி வாரத்தில்தான் மெய்ப்பட்டது.

1989-இல் ஈஸ்டர்ன் நிறுவனத்தில், அதே லொரென்சோவின் கீழ், மார்ச் 4 அன்று இயந்திரப் பணியாளர்கள் வெளியேறியபோது விமானிகள் கான்டினென்டல் பாடத்தை மறக்கவில்லை. அவர்களும் கேபின் பணியாளர்களும் அன்றே வரிசையை மதித்தார்கள்; விமானங்கள் நின்றன. நிறுவனம் மறுபடியும் திவால் நீதிமன்றத்துக்கு ஓடியது. நவம்பரில் விமானிகள் ஆதரவு வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார்கள். 1990-இல் நீதிமன்றம் நிர்வாகத்தை லொரென்சோவிடமிருந்து எடுத்தது. 1991 ஜனவரியில் நிறுவனமே மூடப்பட்டது. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒன்றாக நின்றால் எல்லாம் கிடைத்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஈஸ்டர்னைப் பற்றிக் கேளுங்கள்.

ஆக, அவர்களிடம் முதலில் எதையும் கேட்காதீர்கள். அவர்களுடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று மட்டும் விசாரியுங்கள்.

—

நான்காம் கதவு:

நான் கேபின் பணியாளர். பதினான்கு ஆண்டுகள். கேப்டன் அவர்கள் எழுதியதை மதிக்கிறேன், ஆனால் வரலாற்றுக்கு வெளியே அன்றாடம் நடக்கும் சில விஷயங்களையும் விமானிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயணிகள் ஏறும்போது நாங்கள் கதவருகே நிற்கிறோம். பைகளைத் தூக்கி வைக்கிறோம். சக்கர நாற்காலியில் வருபவரை இருக்கையில் அமர்த்துகிறோம். குடித்துவிட்டு வந்தவரைப் பேசிச் சமாளிக்கிறோம். பல நிறுவனங்களில் இந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. கதவு மூடி விமானம் நகர்ந்த பிறகுதான் எங்கள் கணக்கு ஓடத் தொடங்கும். இதை வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. டெல்டா நிறுவனம் 2022-இல் பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி வீதத்தில் ஊதியம் தரத் தொடங்கியபோது அது செய்தியாகும் அளவுக்கு அரிதான ஒன்றாக இருந்தது. 2025 ஆகஸ்ட்டில் ஏர் கனடாவின் கேபின் பணியாளர்கள் சுமார் 10,000 பேர் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்த ஊதியமில்லாத தரைநேரம் ஒரு முக்கியக் காரணம். தொடங்கிச் சில மணி நேரத்திலேயே அரசு வேலைக்குத் திரும்பச் சொல்லி நடுவர் தீர்ப்புக்கு அனுப்ப ஆணையிட்டது. அவர்கள் திரும்ப மறுத்தார்கள். சில நாட்களில் உடன்பாடு வந்தது. அதே நிறுவனத்தின் விமானிகள் அதற்கு முந்தைய ஆண்டு, வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை போய், நான்கு ஆண்டுகளில் மொத்தமாக ஏறத்தாழ 42 விழுக்காடு உயர்வு பெற்றிருந்தார்கள். விமானிகளுக்குக் கிடைத்ததில் எங்களுக்குப் பொறாமை இல்லை. எங்கள் முறை வரும்போது பெட்டியில் பணம் தீர்ந்துவிட்டது என்று நிர்வாகம் சொல்லும், அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சங்கத்தின் பேச்சுவார்த்தையும் வெவ்வேறு ஆண்டில் முடியும்படி அமைத்திருப்பதே இதற்காகத்தான் என்று நான் சந்தேகிக்கிறேன்.

இன்னொன்று. ரோஸ்டர் (பணி அட்டவணை) குழப்பத்தில் நள்ளிரவில் ஒரு விடுதிக்குப் போய்ச் சேருகிறோம்; இரண்டு அறைதான் தயார் என்கிறார்கள். அந்தச் சாவிகளை வாங்கிக்கொண்டு மேலே போய்விடும் கேப்டனையும் பார்த்திருக்கிறேன். ஆறு பேருக்கும் அறை கிடைக்கும் வரை வரவேற்பறை நாற்காலியில் சீருடையோடு உட்கார்ந்திருந்த கேப்டனையும் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர் சங்கக் கடிதம் கொண்டுவந்தால் நான் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவேன். முதலாமவர் கொண்டுவந்தால் சட்டப்பிரிவு வாரியாகப் படிப்பேன்.

நீங்கள் எதைக் கேட்கலாம் என்று கேட்டீர்கள். உங்கள் மறியல் நாளில், பணியில் இல்லாத கேபின் பணியாளர்கள் சீருடையில் வந்து ஒரு மணி நேரம் நிற்கக் கேளுங்கள், அது நடக்கும். பயணிகளிடம் "விமானிகள் பேராசைக்காரர்கள்" என்று சொல்லும்படி மேலாளர்கள் எங்களைத் தூண்டினால் நாங்கள் அதைச் சொல்லாமல் இருப்போம், அதுவும் நடக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் எங்களை "துணைப் பணியாளர்கள்" என்று எழுதியிருந்தால், தயவுசெய்து அந்தச் சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள்.

—

வலப்பக்க இருக்கை:

எழுதியிருந்தோம். இரண்டாவது பத்தியில், அப்படியே அந்தச் சொல். மூன்று பேர் படித்துத் திருத்திய கடிதம் அது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கேப்டன் அவர்களுக்கு: கேபின் பணியாளர்களின் ஒப்பந்தம் அடுத்த ஆண்டு இறுதியில் முடிகிறது. பராமரிப்புப் பிரிவினருடையது இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருக்கிறது. இது எதையும் நேற்றுவரை நான் தெரிந்துவைத்திருக்கவில்லை.

சட்டத்தைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். எங்கள் வேலைநிறுத்தத்தில் அவர்கள் சேர்ந்தால் அவர்கள் வேலை போகுமா?

—

கூட்டுப்பேரம்:

தொழிலாளர் சட்டத்தில் பணிபுரிகிறேன். உங்கள் நாடு எது என்று நீங்கள் குறிப்பிடாததால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். இறுதி முடிவை உங்கள் சங்கத்தின் வழக்குரைஞரைக் கேட்டே எடுங்கள். ஆதரவு வேலைநிறுத்தத்தைப் பொறுத்தவரை நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

அமெரிக்காவில் விமானத் துறை 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது. 1936-இல் அச்சட்டம் விமான நிறுவனங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. அதன்படி ஒப்பந்தம் காலாவதியாவதே இல்லை. குறித்த நாளுக்குப் பிறகு அது திருத்தத்துக்கு உரியதாகிறது, அவ்வளவுதான். புதியது வரும்வரை பழைய நிபந்தனைகளே தொடரும். தேசிய சமரச வாரியம் பேச்சுவார்த்தையில் முட்டுக்கட்டை ஏற்பட்டதாக ஒப்புக்கொண்டு இரு தரப்பையும் விடுவித்தால்தான், இருவரும் பொறுத்திருக்க வேண்டிய 30 நாள் அமைதிக்காலம் தொடங்கும். அது முடிந்த பிறகே வேலைநிறுத்தம். அப்போதும் அதிபர் குறுக்கிடலாம்: 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கிளின்டன் அதை நிறுத்திவைத்தார். வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்தும் ஆண்டுக்கணக்கில் எதுவும் நடக்காமல் இருப்பதற்கு இந்த நடைமுறையே காரணம். எனினும், மற்றத் துறைகளில் 1947 முதல் கடுமையாகத் தடுக்கப்பட்டுள்ள பிற நிறுவனங்களின் முன்னான மறியல் போன்ற செயல்களுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் அவ்வளவு தடை இல்லை. அதே 1997 ஆகஸ்ட்டில் யூபிஎஸ் என்ற பொதி விநியோக நிறுவனத்தில் டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்தைச் சேர்ந்த சுமார் 1,85,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, தனிச் சங்கமாக இருந்த அந்நிறுவனத்தின் விமானிகள், சுமார் 2,000 பேர், வரிசையைத் தாண்ட மறுத்தார்கள். 15 நாளில் நிறுவனம் இறங்கி வந்தது. அந்த வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கை பகுதிநேரத் தொழிலாளர்களுக்கு முழுநேர வேலை. விமானிகளுக்கு அதில் நேரடி லாபம் ஒன்றுமில்லை.

பிரிட்டனில் நிலைமை நேர்மாறு. தன் முதலாளி அல்லாத வேறொருவரின் தகராறில் ஆதரவாக இறங்குவது அங்கே சட்டப் பாதுகாப்பற்றது. 2005 ஆகஸ்ட்டில் ஹீத்ரோ விமான நிலையத்தில் உணவு தயாரிக்கும் ஒப்பந்த நிறுவனம் நூற்றுக்கணக்கானவர்களை வேலையிலிருந்து நீக்கியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரைப்பணியாளர்கள் தாமாக வெளியேறினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கித் தவித்தார்கள். வெளியேறிய தரைப்பணியாளர்களைச் சங்கத் தலைமை வெளிப்படையாக ஆதரிக்க முடியவில்லை. வேலைக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நீக்கப்பட்டவர்களில் பலர் அவர்களுடைய உறவினர்கள், அக்கம்பக்கத்தினர். சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை: "எல்லோரும் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம்" என்ற யோசனை உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இந்நேரம் வந்திருக்கும். 1999 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் அதைச் செய்தார்கள். நீதிமன்ற ஆணைக்குப் பிறகும் தொடர்ந்ததால் அவர்கள் சங்கத்துக்கு விதிக்கப்பட்ட தொகை சுமார் 4.5 கோடி டாலர். இந்தியாவின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2020, ஒரே நாளில் ஐம்பது விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கூடிப்பேசித் தற்செயல் விடுப்பு எடுப்பதையும் வேலைநிறுத்தம் என்றே வரையறுக்கிறது. விதிப்படி வேலை, அதாவது கையேட்டில் உள்ளதற்கு மேல் எதையும் செய்யாமல் இருப்பது, என்பதும் இப்படித்தான்: அதைச் சங்கம் அறிவித்தால் ஒரு கதை, ஒவ்வொரு விமானியும் கையேட்டை மட்டும் பின்பற்றினால் வேறு கதை.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஆம், சட்டம் அனுமதிக்காத இடத்தில் அவர்கள் உங்களுக்காக வேலைநிறுத்தம் செய்தால் அவர்கள் வேலை போகலாம், ஆகவே அதைக் கேட்காதீர்கள். அவர்கள் ஒப்பந்தத்தில் மற்றச் சங்கத்தின் மறியல் வரிசையை மதிக்கும் உரிமை குறித்து ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவர்களுடைய அடுத்த ஒப்பந்தத்தில் அதைச் சேர்க்க நீங்கள் உதவலாம். உங்களுடையதிலும் இப்போதே சேர்க்கலாம். ஊதியத்தைப் போல அது தலைப்புச் செய்தியாகாது என்பதால் நிர்வாகம் சில வேளை எளிதில் விட்டுக்கொடுக்கும். சில வேளை ஊதியத்தைவிடக் கடுமையாக எதிர்க்கும். எதிர்ப்பின் அளவே அதன் மதிப்பைச் சொல்லிவிடும்.

—

பணிமூப்பு 212:

மற்றச் சங்கங்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. விமானிகளுக்குள்ளேயே ஒற்றுமை இருக்கிறதா? ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் இணைக்கப்பட்ட பிறகு, 2011-இல் ஒரு தரப்பு விமானிகள் மறுதரப்புக்கு இணையான ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012-இல் அந்த மறுதரப்பினர், போயிங் 787 விமானத்துக்கான பயிற்சியில் முதல் தரப்பினரைச் சேர்க்கக் கூடாது என்று 58 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே நிறுவனம், ஒரே சீருடை. வரிசையின் இரு பக்கமும் விமானிகள்.

பணிமூப்புதான் நம்மைக் கட்டிப்போட்டிருக்கிறது. வேறு நிறுவனத்துக்குப் போனால் இருபது ஆண்டு அனுபவத்தோடு பட்டியலின் அடியில் உட்கார வேண்டும். ஆகவே கூட்டணி நிறுவனங்களின் விமானிகளிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் வேலைநிறுத்த நாட்களில் உங்கள் வழித்தடத்துக்காகக் கூடுதலாக ஏற்பாடு செய்யப்படும் பயணங்களை ஓட்ட முன்வர வேண்டாம் என்று. வாழ்த்துக் கடிதத்தைவிட அது கனமானது. ஓட்டியவனுக்குத் தமிழில் கருங்காலி என்று பெயர். அந்தப் பெயர் ஓய்வுபெற்ற பிறகும் போகாது.

—

இரவுப் பணிமனை:

பராமரிப்புப் பிரிவிலிருந்து சுருக்கமாக. 2005 ஆகஸ்ட் 20 அன்று நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் இயந்திரப் பணியாளர்களும் துப்புரவாளர்களும் சுமார் 4,400 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, விமானிகளும் கேபின் பணியாளர்களும் வேலைக்குப் போனார்கள். இயந்திரப் பணியாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பெரிய சங்கத்தை விட்டுத் தங்கள் சங்கத்துக்கு மாறி வந்தவர்கள். அந்தக் கசப்பும் சேர்ந்துகொண்டது. நிறுவனம் மாற்று ஆட்களை முன்கூட்டியே திரட்டி வைத்திருந்ததால் விமானங்கள் ஓடின. ஒரு மாதத்துக்குள் நிறுவனம் திவால் பாதுகாப்புக்குப் போய் மற்ற எல்லோருடைய ஊதியத்தையும் வெட்டியது. எங்கள் பணிமனையில் இருபத்தைந்து வயதுப் பையனுக்குக்கூட இந்தக் கதை தெரியும். உங்கள் கடிதம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பக்கத்தில் யாரோ பென்சிலால் "2005" என்று மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பலகையில் ஒட்டியதை யாரும் படிப்பதில்லை. இரவுப் பணி மாறும் நேரத்தில், விடியற்காலை ஐந்தரைக்கு, வாயில் கூட்டத்துக்கு வாருங்கள். சீருடை வேண்டாம், தொப்பி நிச்சயமாக வேண்டாம். கோளாறுப் பதிவேட்டில் எங்கள் கையெழுத்தை நம்பித்தான் தினமும் பறக்கிறீர்கள் என்பதை ஒருவராவது வாய்விட்டுச் சொன்னால், அதுவரை கைகட்டி நிற்பவர்கள் கொஞ்சம் அருகில் வருவார்கள். வேறு உறுதிமொழி எதையும் முதல் நாளே கேட்காதீர்கள்.

—

வலப்பக்க இருக்கை:

எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். புதியது அரைப் பக்கம்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வரிசையைக் கடந்துபோனது தவறு என்று முதல் வரியிலேயே இருக்கிறது. எங்கள் செயற்குழுவில் அந்த வரிக்கு ஒன்றரை மணி நேரம் எதிர்ப்பு நடந்தது. "இதை நிர்வாகம் பயன்படுத்திக்கொள்ளும்" என்றார்கள். கடைசியில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. மறியல் வரிசையை மதிக்கும் உரிமையை எங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். அந்தப் பிரிவைப் படித்ததும் நிர்வாகத்தின் வழக்குரைஞர் பேனாவை மூடி வைத்தார். கூட்டணி நிறுவனங்களில் ஒன்றின் விமானிகள் சங்கம், கூடுதல் பயணங்களை ஏற்க வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்த ஒப்புக்கொண்டிருக்கிறது. மற்றது இன்னும் பதில் சொல்லவில்லை.

பணிமனை வாயிலுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை நான் பேசி முடிக்கும் வரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் முறை ஒருவர், துணை நிறுவனத்துக்கு வழித்தடம் போனால் பராமரிப்பும் கூடவே வெளியே போய்விடுமா என்று கேட்டார். போகும் என்றேன். அதன் பிறகு பேசியவர்கள் அவர்கள்தான்.

வண்டியில் பேசிய மேற்பார்வையாளரை நேற்று மறுபடியும் பார்த்தேன். கேபின் பணியாளர்களின் மறியல் அடுத்த ஆண்டு வந்தால் பணியில் இல்லாத விமானிகள் அவர்களுடன் நிற்பார்கள் என்று சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டார். நிறையப் பேர் என்றேன். "பெயரும் ஊழியர் எண்ணும் வேண்டும்" என்று ஒரு தாளை நீட்டினார். இதுவரை பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள். ஐம்பது ஆனதும் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்.